சிக்கிமுக்கிக் கல்லில் தடம் பார்ப்பது எப்படி?

கையளவுகூட இல்லாத ஒரு சிக்கிமுக்கிக் கல் சில்லு. ஒரு முகம் மழமழவென்று இருக்கிறது, மறுமுகத்தில் இரண்டு மூன்று முகடுகள் ஓடுகின்றன, ஒரு விளிம்பு நெடுகப் பொடிப்பொடியாகத் தெறித்திருக்கிறது. இதை மனிதன்தான் உடைத்தானா, எதைக் கொண்டு உடைத்தான், எதற்குப் பயன்படுத்தினான் என்று கல்லை மட்டும் பார்த்துச் சொல்ல முடியுமா? கேள்வி இதுதான்.

முதல் இரண்டையும் பெரும்பாலும் சொல்லிவிடலாம். மூன்றாவதைச் சில கற்களில்தான் சொல்ல முடியும், அதுவும் ஓரளவுக்குத்தான். ஏனென்றால் கல்லில் தெரிகிற தடங்கள் எல்லாம் ஒரே சமயத்தில் விழுந்தவை அல்ல. உடைத்தபோது விழுந்தவை உண்டு, பயன்படுத்தியபோது விழுந்தவை உண்டு. மண்ணுக்குள் ஆயிரக்கணக்கான ஆண்டுகள் கிடந்தபோது விழுந்தவையும், தோண்டியெடுத்துப் பையில் போட்டுக் கொண்டுவந்தபோது விழுந்தவையும் அதே பரப்பின் மேல்தான் இருக்கின்றன. எது முந்தி, எது பிந்தி என்று பிரித்தெடுப்பதுதான் மொத்த வேலையும். விளிம்பில் தெறிப்பு இருக்கிறது, ஆகவே கத்தியாகப் பயன்பட்டிருக்கும் என்று நேராகத் தாவுவதுதான் இதில் நடக்கிற பெரிய பிழை.

கல்லின் குணத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். சிக்கிமுக்கிக் கல் என்பது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுண்ணிய சிலிக்கா படிகங்கள் நெருக்கமாகச் சேர்ந்த கல். பெரும்பாலும் சுண்ணப்பாறைக்குள் உருண்டைகளாகவும் படுகைகளாகவும் உருவாகிறது. மரத்துக்கு இருப்பது போன்ற நார்வாக்கு இதற்குக் கிடையாது. அதனால் அடி எந்தத் திசையில் விழுகிறதோ அந்தத் திசையில் உடையும், கண்ணாடியைப் போல. நல்ல கல்லாக இருந்தால் அடித்தவன் நினைத்த இடத்தில் நினைத்த அளவுக்குச் சில்லு பெயர்ந்து வரும். அந்த அடியின் விவரம் உடைந்த பரப்பிலேயே பதிந்தும் விடும். நமக்கு வேண்டியது அந்தப் பதிவுதான்.

கல்லைக் கையில் எடுத்ததும் கழுவி விடாதீர்கள். விளிம்பில் ஒட்டியிருக்கும் கருப்புத் துளி வெறும் மண்ணாக இருக்கலாம், பழைய பசையாகவும் இருக்கலாம். இத்தாலியில் காம்பிடெல்லோ என்ற இடத்தில் கிடைத்த சில்லுகளில் பிர்ச் மரப்பட்டையிலிருந்து எடுத்த தார் ஒட்டியிருந்தது. அவற்றின் வயது சுமார் 2 லட்சம் ஆண்டுகள். பிடி பொருத்துவதற்கான பசை அது. பல் துலக்கும் பிரஷ்ஷை வைத்து ஒருமுறை தேய்த்திருந்தால் அந்தச் செய்தியே நமக்குக் கிடைத்திருக்காது. முதலில் லென்ஸ் வைத்துப் பாருங்கள், படம் எடுங்கள், ஒட்டியிருப்பது எங்கெங்கே என்று வரைந்து வையுங்கள். கழுவுவது அதற்கு அப்புறம்.

இப்போது மழமழப்பான முகத்தைத் திருப்பிப் பாருங்கள். விளக்கை மேலிருந்து காட்டாமல், பக்கவாட்டில் தாழ வைத்து ஒளியைச் சாய்வாக விழச் செய்ய வேண்டும். மேலிருந்து விழும் ஒளியில் ஒன்றுமே இல்லாததுபோல் தெரியும் பரப்பு, சாய்வொளியில் மேடும் பள்ளமுமாக எழுந்து வரும். ஒரு முனையில் சிறிய தட்டையான பரப்பு இருக்கிறதா? அடி விழுந்த மேடை அது. அதன் ஓரத்தில், மழமழப்பான முகத்துக்கு மேல், லேசாகப் புடைத்த ஒரு குமிழ் இருக்கும். அடி விழுந்த புள்ளியிலிருந்து விசை கூம்பு வடிவில் கல்லுக்குள் இறங்குவதால் உண்டாவது அது. இயற்பியலில் இதை ஹெர்ட்ஸ் கூம்பு என்பார்கள். குமிழின் மேலேயே சில நேரம் நகம் போன்ற சிறு தெறிப்பு ஒன்று இருக்கும். யாரோ பின்னால் வேண்டுமென்று செதுக்கியது என்று நினைக்கத் தோன்றும். அப்படியில்லை, அதே அடியில் தானாகத் தெறித்தது அது. குமிழிலிருந்து அலையலையாக வளைகோடுகள் விரிந்து போகும். அந்த வளைவுகளின் உள்பக்கம் அடி விழுந்த இடத்தை நோக்கியே இருக்கும். அதனால் மேடை உடைந்து காணாமல் போன சில்லிலும்கூட அடி எந்தப் பக்கத்திலிருந்து வந்தது என்று சொல்லிவிடலாம். விளிம்பை ஒட்டி மெல்லிய விரிசல் கோடுகள் இருந்தால் அவையும் அடிபட்ட புள்ளியைத்தான் காட்டும்.

மறுமுனை எப்படி முடிகிறது என்பதையும் கவனியுங்கள். தாள்போல மெலிந்து முடிந்தால் நல்ல அடி. உருண்டு மடங்கியோ படிக்கட்டுபோல வெட்டுப்பட்டோ முடிந்தால் விசை பாதி வழியில் தோற்றுவிட்டது என்று பொருள். அப்படிப்பட்ட முடிவுகள் ஒரே இடத்தில் அடுத்தடுத்துக் குவிந்திருக்கும் கற்கள் உண்டு. ஒரு புடைப்பை எடுக்க ஒருவர் திரும்பத் திரும்ப அடித்து, அது வராமலே போய், கல்லை அப்படியே போட்டுவிட்டுப் போயிருக்கிறார். லட்சக்கணக்கான ஆண்டுகள் கழித்தும் ஒரு மனிதரின் முயற்சி இவ்வளவு துல்லியமாகத் தெரிவதுதான் எனக்கு இந்தக் கற்களின் மேல் இருக்கும் பிரியத்துக்கு முதல் காரணம்.

முகடுகள் ஓடும் மறுமுகம் இன்னும் சுவையானது. இந்தச் சில்லு பெயர்வதற்கு முன்னால் அதே கல்லிலிருந்து பெயர்ந்த சில்லுகளின் தழும்புகள் அவை. இரண்டு தழும்புகள் சந்திக்கும் முகட்டை லென்ஸில் பாருங்கள். எந்தத் தழும்பின் அலைக்கோடுகள் முகடு வரை முழுமையாக வந்து நிற்கின்றனவோ அது பிந்தியது. எதன் அலைகள் பாதியில் அறுபட்டிருக்கின்றனவோ அது முந்தியது. அதேபோல, ஒரு தழும்பின் தலைப்பக்கம் குமிழ் விட்டுப்போன சிறு குழி அப்படியே இருந்தால், அதற்குப் பின் அந்தப் பக்கம் யாரும் அடிக்கவில்லை. இப்படி ஒவ்வொரு முகடாகப் பார்த்து 1, 2, 3 என்று எண் போட்டு ஒரு படம் வரைந்தால், செய்தவர் கல்லை எந்தப் பக்கம் திருப்பினார், எங்கே விளிம்பைத் தயார் செய்தார், எப்போது பெரிய அடி அடித்தார் என்ற வரிசை கிடைத்துவிடும். கல்லின் வெளிர்த்தோல் ஏதாவது மிச்சமிருந்தால், உருண்டையின் மேற்பகுதியிலிருந்து சீக்கிரமே பெயர்ந்த சில்லு என்று ஊகிக்கலாம். ஒரே இடத்தில் கிடைத்த சில்லுகளை ஒன்றோடொன்று பொருத்திப் பார்க்க முடிந்தால் இன்னும் நல்லது. இங்கிலாந்தில் கிரேஃபோர்டில் ஸ்பரெல் என்ற ஆய்வாளர் 1880-லேயே அப்படிப் பொருத்திக் காட்டியிருக்கிறார்.

எதைக் கொண்டு அடித்தார்கள்? கல்லால் அடித்தால் குமிழ் நன்றாகப் புடைத்திருக்கும், மேடை தடிப்பாக இருக்கும், அடி விழுந்த புள்ளி பளிச்சென்று தெரியும். மான்கொம்பு, எலும்பு, கடினமான மரம் போன்ற மென்மையான சுத்தியல் என்றால் குமிழ் பரந்து அமுங்கியிருக்கும், மேடை மெல்லியதாக இருக்கும், மேடையின் உள்ளோரத்தில் விரலால் தடவினால் தட்டுப்படும் ஓர் உதடு இருக்கும். அடிக்காமல் கொம்பு முனையால் அழுத்தி எடுத்த சில்லுகள் சிறிய, குறுகிய, ஏறத்தாழ இணையாக ஓடும் தழும்புகளை விடும். புத்தகங்களில் இது சுத்தமாகப் பிரிந்திருப்பதுபோல் தோன்றும், நேரில் அப்படியில்லை. மிருதுவான மணற்கல்லால் அடித்தால் கொம்பால் அடித்ததுபோலவே வரும். ஆகவே ஒரே ஒரு சில்லை வைத்துச் சுத்தியல் எது என்று அடித்துச் சொல்லாதீர்கள். ஒரே இடத்திலிருந்து வந்த பல சில்லுகளைச் சேர்த்துப் பார்த்தால் போக்கு தெரியும்.

கல்லைச் சூடாக்கி அதன் குணத்தை மாற்றிவிட்டு உடைக்கும் வழக்கமும் பழமையானது. தென்னாப்பிரிக்காவின் பின்னக்கிள் பாயின்டில் சில்கிரீட் என்ற வேறொரு கல்லை 72,000 ஆண்டுகளுக்கு முன்பே இப்படிப் பதப்படுத்தியிருக்கிறார்கள். சூடாக்கிய பின் பெயர்ந்த தழும்பு எண்ணெய் பூசியதுபோல் மின்னும், அதற்கு முந்திய பரப்பு மங்கலாகவே இருக்கும். இரண்டும் ஒரே கல்லில் அருகருகே இருந்தால் அதுதான் நல்ல சான்று. தற்செயலாக நெருப்பில் விழுந்த கல் வேறு மாதிரி இருக்கும்: பரப்பெங்கும் வலைப்பின்னலாக வெடிப்பு, கிண்ணம்போலப் பெயர்ந்த குழிகள்.

சரி, இயற்கையே உடைத்த கல்லை எப்படிப் பிரிப்பது? பனியும் வெயிலும் உடைத்த பரப்பில் அடி விழுந்த புள்ளி இருக்காது, குமிழும் இருக்காது. அலைகள் இருந்தால் அவை ஓரத்திலிருந்து கிளம்பாமல், பரப்பின் நடுவிலிருந்து வட்டமாக விரிந்திருக்கும். இதுவரை எளிது. ஆற்றிலும் கடற்கரையிலும் கல்லோடு கல் மோதும்போது மனித அடியைப் போலவே குமிழோடு சில்லு பெயரும். சிக்கல் அங்கேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில் இங்கிலாந்தின் கென்ட் பகுதியில் பெஞ்சமின் ஹாரிசன் சேகரித்த கரடுமுரடான கற்களை மிகப் பழைய கருவிகள் என்று பலர் நம்பினார்கள், 'இயோலித்' என்று பெயரும் வைத்தார்கள். 1905-ல் மார்செலின் பூல், பிரான்சில் மாந்த் அருகே ஒரு சிமென்ட் ஆலையில் சுழலும் நீரில் மோதிக்கொண்ட சிக்கிமுக்கிக் கற்கள் அதே வடிவங்களைப் பெறுவதைக் காட்டினார். பிறகு 1939-ல் ஆல்ஃபிரட் பார்ன்ஸ் ஒரு கணக்கு கொடுத்தார். மேடைக்கும் தழும்புக்கும் இடையிலான கோணத்தை ஒரு தொகுதி முழுக்க அளக்க வேண்டும். மனிதர் செய்த தொகுதியில் 90 பாகையும் அதற்கு மேலும் உள்ள கோணங்கள் நூற்றுக்கு 25-ஐத் தாண்டாது. காரணம் எளிது: கூர்ங்கோண விளிம்பில் அடித்தால்தான் சில்லு வரும் என்பது செய்பவருக்குத் தெரியும், ஆற்றுக்குத் தெரியாது. இதுவும் தொகுதிக்கான அளவுகோல், ஒற்றைக் கல்லுக்கு அல்ல. அதோடு, 2016-ல் வெளியான ஓர் ஆய்வு இன்னொரு எச்சரிக்கையையும் சேர்த்தது. பிரேசிலின் செர்ரா டா கபிவாராவில் கபுச்சின் குரங்குகள் கூழாங்கற்களை ஒன்றோடொன்று மோதும்போது குமிழோடு கூடிய கூர்மையான சில்லுகள் பெயர்கின்றன. குரங்குகள் கல்தூளை நக்குகின்றன, சில்லின் கூர்விளிம்பைப் பயன்படுத்துவதில்லை. ஆகவே அடி விழுந்திருக்கிறது என்பது ஒன்று, கருவி செய்ய நினைத்து அடித்தார்கள் என்பது வேறொன்று. இரண்டாவதைச் சொல்லத் தழும்புகளின் வரிசையில் ஓர் ஒழுங்கு தெரிய வேண்டும்.

விளிம்புக்குப் போவதற்கு முன் மேற்படலத்தைப் பார்த்துவிட வேண்டும். மண்ணில் நெடுங்காலம் கிடக்கும் சிக்கிமுக்கிக் கல் மெல்ல நீலம் கலந்த வெள்ளையாக, சில மண்ணில் மஞ்சளாகவோ பழுப்பாகவோ நிறம் மாறும். பெரிய தழும்புகள் எல்லாம் வெளிறியிருக்க, விளிம்புத் தெறிப்புகள் மட்டும் உள்ளே இருக்கும் கருமையைக் காட்டினால் அவை நேற்று வந்தவை. கலப்பையோ மண்வெட்டியோ சல்லடையோ செய்த வேலை. தெறிப்பின் ஓரத்தில் துருக்கோடு இருந்தால் சந்தேகமே வேண்டாம், இரும்பு பட்டிருக்கிறது. இரண்டு அளவில் படலம் படிந்த கல் கிடைத்தால் மகிழ்ச்சியடையலாம். யாரோ ஒருவர் செய்து போட்டதை, படலம் படியும் அளவுக்குக் காலம் கழித்து வந்த இன்னொருவர் எடுத்து மறுபடி செதுக்கியிருக்கலாம். படலத்தின் தடிப்பை வைத்து வயது மட்டும் சொல்லக் கூடாது. அது மண்ணின் காரத்தையும் ஈரத்தையும் பொறுத்தது.

இனி அந்தப் பொடித் தெறிப்புகள். காலால் மிதிபட்ட கல்லிலும் விளிம்பு தெறிக்கும். வேறுபாடு எங்கே என்றால், மிதிபட்ட தெறிப்புகள் அளவிலும் இடைவெளியிலும் ஒழுங்கில்லாமல், இரண்டு முகத்திலும் அங்கங்கே சிதறி, கையால் பிடிக்கவே முடியாத இடத்திலும் இருக்கும். வேலையால் வந்தவை விளிம்பின் ஒரு பகுதியில் குவிந்திருக்கும், அந்தப் பகுதியின் வடிவமும் வேலைக்குத் தோதாக இருக்கும். அறுத்தால் தெறிப்பு இரண்டு முகத்திலும் விழும், நுண்கீறல்கள் விளிம்புக்கு இணையாக ஓடும். சுரண்டினால் கீறல்கள் விளிம்புக்குக் குறுக்கே இருக்கும். தெறிப்பு பெரும்பாலும் ஒரே முகத்தில் விழும், அதுவும் பொருளின் மேல் படாத முகத்தில். மெருகு ஏறுவதோ பொருளில் பட்ட முகத்தில். இந்த இரண்டும் எதிரெதிர் முகத்தில் இருப்பதைப் பார்க்கும்போது கை எந்தப் பக்கம் இழுத்தது என்பதே தெரிந்துவிடும். இறைச்சி, இலை போன்ற மென்மையானவை சிறிய, மெலிந்து முடியும் தெறிப்புகளை விடும். எலும்பும் கொம்பும் ஆழமான, படிக்கட்டு முடிவுள்ள தெறிப்புகளை விடும். எறிந்த முனை இலக்கில் மோதியிருந்தால் நுனி வளைந்து முறிந்து, அங்கிருந்து நீளவாக்கில் ஒரு சில்லு பெயர்ந்திருக்கும்.

இவற்றைப் பார்க்க 10 மடங்கு லென்ஸும், 10 முதல் 60 மடங்கு வரை போகும் ஸ்டீரியோ மைக்ரோஸ்கோப்பும் போதும். மெருகைப் படிக்க வேண்டுமென்றால் 100 முதல் 400 மடங்கு வரை பெருக்கும், மேலிருந்து ஒளி விழும் உலோகவியல் மைக்ரோஸ்கோப் வேண்டும். இந்த முழு அணுகுமுறைக்கும் அடித்தளம் போட்டவர் லெனின்கிராடில் வேலை செய்த செர்கேய் செமியோனொவ். அவருடைய நூல் 1957-ல் ரஷ்ய மொழியிலும் 1964-ல் ஆங்கிலத்திலும் வந்தது. உயர்ந்த பெருக்கத்தில் மெருகைப் பொருள் வாரியாகப் பிரிக்கலாம் என்று 1970-களில் வாதிட்டவர் லாரன்ஸ் கீலி.

தோல் சுரண்டிய ஒரு சுரண்டியை வைத்து இதைக் காட்டுகிறேன். வெறும் கண்ணுக்கு, வளைவாகச் செதுக்கிய தடித்த முனை, அவ்வளவுதான். லென்ஸில் பார்த்தால் விளிம்பு கூராக இல்லை, உருண்டிருக்கிறது. செதுக்கிய தழும்புகளுக்கு இடையில் நீட்டிக்கொண்டிருக்கும் சிறு முனைகள் தேய்ந்து மழுங்கியிருக்கின்றன. 200 மடங்கில் அந்த உருண்ட பகுதி முழுக்க மங்கலான, சற்றே எண்ணெய்ப்பசை போன்ற, சொரசொரப்பான மெருகு தெரிகிறது. பளபளப்பு இல்லை. உலர்ந்த தோலாக இருந்தால் மங்கல் கூடும், விளிம்புக்குக் குறுக்கே நுண்கீறல்களும் கூடும். மெருகு விளிம்பிலிருந்து உள்ளே போகப்போகப் படிப்படியாகக் குறைந்து நின்றுவிடுகிறது. நான் முக்கியமாகப் பார்ப்பது இந்தக் கடைசி விஷயத்தைத்தான். வேலையால் வந்த மெருகுக்கு எல்லை உண்டு. மண்ணில் உருண்டு வந்த மினுமினுப்பு முகடு, குழி, நடுப்பகுதி என்று கல் முழுவதையும் ஒரே சீராகப் பிடித்திருக்கும்.

மரத்தின் மெருகு பளிச்சென்று, மேடுகளில் உருண்டையாக ஏறும். எலும்பின் மெருகு பளிச்சென்று இருந்தாலும் குழிகுழியாக, விளிம்பை ஒட்டிக் குறுகிய பட்டையாக நிற்கும். தானியத் தாள், நாணல் அறுத்த அரிவாள் சில்லுகளின் மெருகைக் காண மைக்ரோஸ்கோப்பே வேண்டாம், கண்ணாடிபோல் மின்னும். செடிகளிலும் சிலிக்கா இருப்பது அதற்கு ஒரு காரணம். ஆனால் மெருகு என்பது பரப்பு தேய்ந்து வருவதா, சிலிக்கா கரைந்து மேலே படிந்து வருவதா என்ற விவாதம் இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது.

இங்கே உங்கள் கைகளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். விரலிலிருக்கும் எண்ணெய்ப் பிசுக்கு 200 மடங்கில் அசல் மெருகுபோலவே தெரியும். ஆகவே ஒட்டிய பொருளையெல்லாம் பதிவு செய்து முடித்த பிறகு, மிதமான சோப்பு நீரில் அலசி, பார்ப்பதற்கு முன் ஆல்கஹாலால் துடைத்துவிட்டு, மெல்லிய கையுறையோடு எடுங்கள். இரும்புக் காலிப்பரால் அளந்தால் விளிம்பில் உலோகக் கோடு விழும், பிளாஸ்டிக்கில் கிடைக்கிறது. கல்லை நிமிர்த்தி வைக்கக் களிமண் பசை பயன்படுத்தினால் அதுவும் ஒட்டிக்கொள்ளும், நடுவில் மெல்லிய தாள் ஒன்று வையுங்கள். பல கற்களை ஒரே பையில் போடவே கூடாது. பத்து நிமிடப் பயணத்தில் உண்டாகும் தெறிப்பை அப்புறம் எந்த நிபுணராலும் எளிதில் பிரித்துவிட முடியாது.

கற்றுக்கொள்ளச் சிறந்த வழி, நீங்களே புதுச்சில்லுகள் உடைத்து, கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடி அணிந்துகொண்டு, ஒன்றால் மரம் சீவி, ஒன்றால் தோல் சுரண்டி, ஒன்றைத் தரையில் போட்டு மிதித்து, மூன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது. உங்களுடையதை உடைத்த இடத்திலேயே 'புதியது' என்று குறித்து வையுங்கள். பழையவற்றோடு கலந்தால் பின்னால் வருபவருக்குத் தொல்லை.

இந்த முறை எந்த அளவுக்கு நம்பகமானது என்று ஆய்வாளர்களே தங்களைச் சோதித்துக்கொண்டார்கள். மார்க் நியூகாமர் சில்லுகளைச் செய்து பயன்படுத்திவிட்டு, எதற்கு என்று சொல்லாமல் கீலியிடம் கொடுத்தார். 1977-ல் வெளியான முடிவில், எந்தப் பகுதி பயன்பட்டது என்பதைக் கீலி மிக நன்றாகவும், எந்த அசைவு என்பதை அதைவிடக் கொஞ்சம் குறைவாகவும், எந்தப் பொருள் என்பதை இன்னும் குறைவாகவும் சரியாகச் சொல்லியிருந்தார். 1986-ல் நியூகாமரும் சகாக்களும் மெருகை மட்டும் வைத்து நடத்திய சோதனைகளில் பொருளைச் சொல்வது மோசமாகவே அமைந்தது. என் கருத்தும் இதே வரிசைதான். எங்கே பயன்பட்டது, அறுத்ததா சுரண்டியதா, பொருள் மென்மையா கடினமா என்பதுவரை துணிந்து சொல்லலாம். இன்ன பொருள் என்று பெயர் சொல்ல, தெறிப்பு, மழுங்கல், கீறல், மெருகு நான்கும் ஒரே இடத்தில் ஒரே கதையைச் சொல்ல வேண்டும். ஒட்டிய எச்சமும் துணைக்கு இருந்தால் நல்லது.

சூழல் முழுதாகக் கிடைத்தால் கல் எவ்வளவு பேசும் என்பதற்கு, 1991-ல் ஆல்ப்ஸ் பனியில் உறைந்த உடலாகக் கிடைத்த ஓட்ஸி என்ற மனிதர் நல்ல எடுத்துக்காட்டு. சுமார் 5,300 ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர். அவரிடம் மரப்பிடி போட்ட குத்துவாள், சுரண்டி, துளைப்பான், அம்புமுனைகளோடு, கல்லின் விளிம்பை அழுத்திச் செதுக்க மரப்பிடிக்குள் மான்கொம்பு முள் செருகிய ஒரு சாதனமும் இருந்தது. 2018-ல் வந்த ஆய்வு, அவர் வலக்கைப் பழக்கம் உள்ளவர் என்றும், சில கருவிகளை இறப்பதற்குச் சிறிது காலத்துக்கு முன்தான் மறுபடி கூர்படுத்தியிருந்தார் என்றும் விளிம்புகளிலிருந்தே கண்டது.

மறுபக்கம், கென்யாவின் கூபி ஃபோராவிலிருந்து கிடைத்த சுமார் 15 லட்சம் ஆண்டுப் பழைய சில்லுகளை 1981-ல் கீலியும் நிக்கலஸ் டோத்தும் பார்த்தார்கள். 56 சில்லுகளில் 9-இல் மட்டுமே பயன்பாட்டுத் தடம் இருந்தது: நான்கில் இறைச்சி, மூன்றில் மரம், இரண்டில் புல் போன்ற மென்செடி. மீதி 47-லும் தடம் இல்லை என்பதற்காக அவை பயன்படவில்லை என்று ஆகிவிடாது. கொஞ்ச நேரம் இறைச்சி அறுத்த சில்லில் எதுவும் பதியாமலே போகலாம். அப்படிப்பட்ட கல்லுக்கு அறிக்கையில் எழுத வேண்டியது 'பயன்பாட்டுத் தடம் தெரியவில்லை' என்பதுதான். 'பயன்படுத்தப்படாதது' என்று எழுதக் கூடாது.